உக்கடத்தில் ஒரு நைல் கரை

உக்கடத்தைப் பத்தி எழுதிட்டு வான்னு சொன்னதும் எனக்குச் சிரிப்புதான் வந்துச்சு. குறிச்சியில பொறந்து வளர்ந்தவன்கிட்ட உக்கடத்தைப் பத்திக் கேக்கறாங்களே! டியூஷன், டவுன்ஹால்ல தீபாவளித் துணி, இப்போ காலேஜ்... எங்க ஏரியா ஆளுங்க எதுக்குக் கிளம்பினாலும் உக்கடத்தைத் தாண்டித்தான் ஆகணும்.

ராத்திரி நோட்டும் பேனாவுமா உட்கார்ந்தேன். பஸ் ஸ்டாண்ட். மீன் வாசம். டிராஃபிக் ஜாம். மூணு வார்த்தையில சரக்கு தீர்ந்துபோச்சு!

அப்புறம்தான் உறைச்சது. இருபது வருஷமா உக்கடத்தைத் தாண்டியிருக்கேனே தவிர, அங்கே இறங்கி நின்னதே இல்லை. இப்போ அந்தத் தாண்டலும் போச்சு. ஆத்துப்பாலம் - உக்கடம் மேம்பாலம் 3.8 கிலோமீட்டர். 2018ல் வேலையை ஆரம்பிச்சு, 2024 ஆகஸ்ட் 9ம் தேதி திறந்தாங்க. இந்தப் பக்கம் பைக்கை ஏத்தினா அந்தப் பக்கம் இறங்கிடலாம். கீழே உக்கடம்னு ஒண்ணு இருக்கா இல்லையான்னே தெரியாது.

மறுநாள் லேப்ல நான் புலம்பிட்டு இருந்ததை மூணாவது பெஞ்ச்காரன் கேட்டுட்டான். "உக்கடமா? ஞாயித்துக்கிழமை காலையில ஏழு மணிக்கு மீன் மார்க்கெட் வாசலுக்கு வா மச்சி. நான் காட்டறேன்."

அவனோட ஊர் உக்கடம் இல்லை. கோவையும் இல்லை. சூடான் நாட்டுல ஓம்துர்மான்!

இங்கே ஒரு உண்மையைச் சொல்லிடறேன். அவனும் நானும் ஒரே கிளாஸ். அவன் மூணாவது பெஞ்ச், நான் அஞ்சாவது. ரெண்டு வருஷத்துக்கு மேல ஒரே அட்டெண்டன்ஸ், ஒரே இன்டர்னல், ஒரே கேன்டீன். அவன்கிட்ட நான் பேசினதை எல்லாம் சேர்த்தா ஒரு பக்கம் வராது. 'ரெக்கார்டு முடிச்சிட்டியா', 'எந்த ரூம்ல எக்ஸாம்'. அவ்வளவுதான். அவன் வீட்டுல எத்தனை பேர்னு கூட எனக்குத் தெரியாது. எங்கே இருக்காங்கன்னு நான் கேட்டதும் இல்லை. பேரைப் போட வேணாம்னு கேட்டுக்கிட்டான். அதனால இந்தக் கட்டுரை பூரா 'அவன்'தான். பேசறது பாதி இங்கிலீஷ், கால்வாசி தமிழ், மீதி கை ஜாடை. நான் எல்லாத்தையும் தமிழாவே தர்றேன்.

ஞாயித்துக்கிழமை. உக்கடம் மீன் மார்க்கெட். ராமேஸ்வரம், தூத்துக்குடி, நாகப்பட்டினம், கேரளான்னு கடலைச் சுத்தி இருக்கற ஊரெல்லாம் ஐஸ் பெட்டியில இறங்கியிருக்கு. மத்தி, அயிலை, சங்கரா, நெத்திலி... கடலே இல்லாத ஊருக்கு இத்தனை மீனான்னு நான் வாயைப் பொளந்துட்டு நிக்கறேன். அவன் எதையும் பார்க்கலை. சேத்துத் தண்ணியில தாவித் தாவி நேரா ஒரு கடைக்குப் போனான்.

"வா கண்ணு! ரெண்டு வாரமா ஆளையே காணோம்? பரீட்சையா? ஒடம்புக்கு ஏதும் முடியலையா?"

கேட்டது மீன்காரக்கா. அவன் தலையைச் சொறிஞ்சுக்கிட்டு, "பரீட்சைக்கா"ன்னான். சுத்தத் தமிழ்! அக்கா அடுத்த கேள்வியே கேக்கலை. ஜிலேபி மீன் ரெண்டு எடுத்து, செதில் சீவி, குடலை எடுத்துட்டு, தலையை வெட்டாம, ரெண்டு பக்கமும் மூணு மூணு கீறல் போட்டுக் குடுத்துச்சு. நம்ம வீட்டுல குழம்புக்குத் துண்டு போடுவோம். அவங்க ஊருல முழு மீனைக் கீறி மசாலா தடவி எண்ணெய்ல போடுவாங்களாம். மொத தடவை அவன் கையால படம் போட்டுக் காட்டியிருக்கான். அதுக்கப்புறம் சொல்ல வேண்டிய வேலையே இல்லை.

எனக்கு மனசுல எங்கேயோ குத்துச்சு. அந்த ரெண்டு வாரமும் அவன் நிஜமாவே காலேஜுக்கும் சரியா வரலை. பரீட்சை எல்லாம் இல்லை, காய்ச்சல். ரெண்டு பெஞ்ச் தள்ளி உட்கார்ந்திருந்த நான் கவனிக்கலை. வாரம் ஒருக்கா மீன் விக்கற அக்கா கவனிச்சிருக்கு.

"ஏன் ஜிலேபியே வாங்கறே? முள்ளு ஜாஸ்தியாச்சே"ன்னேன்.

"இது எங்க ஊரு மீன். எங்க ஊர்ல 'புல்தி'ன்னு பேரு. நைல்ல பிடிப்பாங்க. ஓம்துர்மான்ல ஆத்தங்கரையில மவ்ரதான்னு ஒரு மீன் மார்க்கெட். அப்பா வெள்ளிக்கிழமை கூட்டிட்டுப் போவார். அங்கேயே பொரிச்சுத் தருவாங்க. கோயமுத்தூர் வந்து நாலாவது மாசம் ஒருத்தர் இங்கே இதை விக்கறதைப் பார்த்தேன். ரோட்டுலயே நின்னுட்டேன்."

வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன். அவன் சொன்னது சரிதான். நாம குளத்து மீன்னு உரிமையா சொல்ற ஜிலேபி, அதாவது திலாப்பியா, நம்ம நாட்டு மீனே கிடையாது. ஆப்பிரிக்காவில் பிறந்த இனம். 1952ல் முதல்ல இந்தியாவுக்கு வந்து சேர்ந்தது மொசாம்பிக் திலாப்பியா. நைல் திலாப்பியா அதுக்கப்புறம் வந்த சொந்தக்காரன். எந்தக் குளத்துல விட்டாலும் பொழைச்சுக்கும், குட்டி குட்டியாப் பெருகிடும். ஊர்க்குளத்துப் பழைய மீனுங்களை இது ஓரங்கட்டிடுச்சுன்னு மீன் ஆராய்ச்சிக்காரங்களுக்கு இது மேல கோபமும் உண்டு. அது தனிக் கதை.

மீனோட கரும்புக்கடைக்குப் போனோம். அங்கேதான் அவன் ரூம். ரூம்மேட் ஒரு தான்சானியாக்காரன். இந்த ரூம் கிடைக்க எத்தனை வீட்டுக் கதவைத் தட்டினாங்கன்னு கேட்டேன். பதினொண்ணாம். போன்ல பேசும்போது 'வாங்க'ன்னு சொன்னவங்க, நேர்ல பார்த்ததும் 'இப்பத்தான் ஒருத்தர் அட்வான்ஸ் குடுத்துட்டார்'னு சொன்னாங்களாம். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னான். எனக்குச் சிரிப்பு வரலை.

மத்தியானச் சாப்பாடு அவன் சமையல். பொரிச்ச மீன், அதுக்குத் தொட்டுக்க நிலக்கடலையை அரைச்சு மிளகாயும் எலுமிச்சையும் சேர்த்த 'தக்வா'. ஒரு வாய் வெச்சதும், "டேய், இது எங்கம்மா செய்யற கடலைச் சட்னிடா"ன்னு கத்திட்டேன். கூடவே 'ஃபூல்'. அவங்க ஊர்ல ஒரு வகைப் பெரிய அவரைக்கொட்டையில செய்வாங்க. இங்கே அது கிடைக்காததால மொச்சைக்கொட்டையை வேகவெச்சு மசிச்சு, மேல நல்லெண்ணெய் ஊத்தறான். சூடான்லயும் நல்லெண்ணெய்தான் ராஜா. உலகத்துல எள் அதிகமா விளையற நாடுகள்ல அது ஒண்ணு.

"மொச்சை ஜஸ்ட் பாஸ். நல்லெண்ணெய் டிஸ்டிங்ஷன்"ன்னான். இன்ஜினீயரிங் பையனாச்சே!

"அப்போ வீட்டு ஞாபகம் வந்தா சமைச்சுச் சாப்ட்டுச் சரி பண்ணிக்குவே, அப்படித்தானே?"ன்னு கேட்டேன். கட்டுரைக்கு ஒரு பாயின்ட் கிடைச்ச சந்தோஷம் எனக்கு.

தட்டைக் கழுவிட்டு இருந்தவன் திரும்பிப் பார்த்தான். "சரியாகாது மச்சி. சாப்பிடற வரைக்கும் நல்லாயிருக்கும். தட்டு காலியானதும் முன்னைவிட மோசமாயிடும். முதல் வருஷம் அதனாலேயே இதெல்லாம் செய்யவே மாட்டேன்."

அந்தப் பாயின்டை அடிச்சிட்டேன்.

சாயங்காலம் வெயில் இறங்கினதும் பெரியகுளத்துக் கரைக்கு நடந்தோம். 320 ஏக்கர் குளம். வெள்ளியங்கிரி மலையில பொறந்து வர்ற நொய்யல் தண்ணிதான் இதுக்குச் சோறு. புதர் மண்டி, சாக்கடை கலந்து கிடந்த குளத்தை 2013ல் ஊர் ஜனங்களே மம்முட்டி எடுத்துட்டு வந்து தூர் வாரினாங்க. எங்கப்பா கூட ஒரு ஞாயித்துக்கிழமை போய் மண்ணு சுமந்துட்டு வந்து, அடுத்த மூணு நாள் இடுப்பைப் பிடிச்சுட்டு உட்கார்ந்திருந்தார். அப்புறம் ஸ்மார்ட் சிட்டி காசுல நடைபாதை, விளக்கு, 'ஐ லவ் கோவை' போர்டு எல்லாம் வந்துச்சு. தண்ணிமேல மிதக்கற சோலார் பேனல் கூட இருக்கு. போர்டு முன்னாடி செல்ஃபி கூட்டம். அவன் அந்தப் பக்கமே திரும்பலை. கொஞ்சம் தள்ளி ஒரு கைப்பிடிச் சுவர். அதுதான் அவன் இடம்.

கீழே ஆகாயத்தாமரை மொத்தையா மிதந்துட்டு இருந்துச்சு. "இதுவும் எங்க ஊர்ல இருக்கு. வெள்ளை நைல் பூரா இதான். எடுக்க எடுக்க வரும்"ன்னான். தென்னமெரிக்காவுல இருந்து கிளம்பின செடி. 1950கள்லயே நைலைப் பிடிச்சிடுச்சு, உக்கடத்தையும் விட்டுவைக்கலை.

கார்ட்டூம்ல ரெண்டு நைல் சேருது. எத்தியோப்பியாவுல இருந்து நீல நைல், விக்டோரியா ஏரிப் பக்கமிருந்து வெள்ளை நைல். சேர்ற இடத்துல கொஞ்ச தூரம் ரெண்டு கலர் தண்ணியும் ஒட்டாமப் பக்கத்துல பக்கத்துல ஓடுமாம். அந்தக் கரைக்கு அந்தப் பக்கம்தான் ஓம்துர்மான். சின்ன வயசுல அங்கே உட்கார்ந்து தேர்வுக்குப் படிப்பானாம். 'படிப்பேன்'னு சொல்லும்போதே கண்ணடிச்சான்.

2023 ஏப்ரல் 15. ரமலான் மாசக் கடைசி. அன்னைக்குக் காலையில கார்ட்டூம்ல ராணுவத்துக்கும் ஆர்.எஸ்.எஃப்.ங்கற துணை ராணுவப் படைக்கும் சண்டை ஆரம்பிச்சுது. அவன் அங்கே காலேஜ்ல முதல் வருஷம். ஒரு வாரம் கட்டிலுக்கடியில படுத்திருந்துட்டு, குடும்பத்தோட பஸ் பிடிச்சு செங்கடல் ஓரமா இருக்கற போர்ட் சூடானுக்குப் போயிருக்காங்க. அதே துறைமுகத்துல இருந்துதான் இந்தியா தன் ஆளுங்களைக் கூட்டிட்டு வந்துச்சு. ஞாபகம் இருக்கா, 'ஆபரேஷன் காவேரி'? நம்மாளுங்க கப்பல்ல ஏர்றதை இவன் கரையில நின்னு பார்த்திருக்கான். அப்போ இவனுக்குத் தெரியாது, இன்னும் சில மாசத்துல தானும் காவேரி ஓடற மாநிலத்துக்குத்தான் வரப்போறோம்னு.

படிச்ச ஒரு வருஷம் போச்சு. அப்பாவோட நண்பர் ஒருத்தர் பல வருஷம் முன்னாடி கோயமுத்தூர்ல படிச்சவர். அவர் சொல்லித்தான் இங்கே வந்தான். வந்த 14 நாளுக்குள்ள வெளிநாட்டவர் பதிவு, போனஃபைட், ஹாஸ்டல் ஃபார்ம்னு மொத மாசம் பூரா பேப்பர் வேலை. "நல்லதாப் போச்சு. அழ நேரமில்லை"ன்னான்.

"ஓம்துர்மான்ல இப்போ யாரு இருக்காங்க?"

"அப்போ பாட்டி இருந்தாங்க. வீட்டை விட்டு வரமாட்டேன்னுட்டாங்க. 2024 பிப்ரவரியில நாடு பூரா போனும் நெட்டும் கட். எங்க ஏரியாவுல ரொம்ப நாள் வரவே இல்லை. பாட்டி இருக்காங்களா இல்லையான்னு தெரியாம தினமும் கிளாஸுக்கு வந்துட்டு இருந்தேன்."

2024 பிப்ரவரி. எங்க டிபார்ட்மென்ட் சிம்போசியம் வேலை தலைக்கு மேல இருந்த சமயம். எனக்கு ஒரு விஷயம் ஞாபகம் வந்துச்சு. ஒரு நாள் அவன் என்கிட்ட பவர் பேங்க் கேட்டான். "சாயங்காலம் திருப்பிக் குடுத்துடு மச்சி, கேம் ஆடணும்"னு சொல்லிக் குடுத்தேன். ரெண்டு வருஷத்துல அவன் என்கிட்ட வாங்கின ஒரே பொருள் அதுதான். அவன் அன்னைக்கு யார் நம்பரை அழுத்தி அழுத்திப் பார்த்துட்டு இருந்தான்னு இப்போதான் எனக்குத் தெரியும்.

அவன்கிட்டயே அதைச் சொன்னேன். "ஞாபகம் இருக்கு. சாயங்காலம் திருப்பிக் குடுத்துட்டேன்ல?"ன்னான்.

பாட்டி அந்த வருஷம் தவறிட்டாங்க. குண்டுல இல்லை, சர்க்கரை நோய்க்கு மருந்து கிடைக்காம. 2025 மார்ச்ல ராணுவம் கார்ட்டூமைத் திரும்பப் பிடிச்சதும் மாமா ஒருத்தர் போய் வீட்டைப் பார்த்து வீடியோ அனுப்பியிருக்கார். காட்டினான். கதவு இல்லை, ஜன்னல் இல்லை, சுவத்துக்குள்ள ஓடின கரண்ட் ஒயரைக் கூடத் தாமிரத்துக்காக உருவிட்டாங்க. முத்தத்துல ஒரு மரம் மட்டும் அப்படியே நிக்குது. நான் ஸூம் பண்ணிப் பார்த்தேன். வேப்பமரம்! அவங்க ஊர்லயும் அதுக்கு 'நீம்'னுதான் பேராம். இந்தியாவுல இருந்து போன மரம்.

அதுவரைக்கும் ஹோம்சிக்னா எனக்கு ஒரு மாதிரி ஜாலியான சோகம். சினிமாப் பாட்டுக்கு நடுவுல வருமே, அது. வீட்டுக்குப் போனா சரியாயிடற வியாதி. போக வீடே இல்லாதவனுக்கு அது என்ன வியாதி? சூடான்ல ஒரு கோடிப் பேருக்கு மேல வீட்டை விட்டுக் கிளம்பியிருக்காங்க.

வியாதின்னு சும்மா சொல்லலை. 'நாஸ்டால்ஜியா'ங்கற வார்த்தையே ஒரு மெடிக்கல் ஸ்டூடன்ட் உருவாக்கினதுதான். 1688ல் சுவிட்சர்லாந்துல பாசல் நகரத்துல யோஹானஸ் ஹோஃபர்ங்கறவர் தன்னோட ஆய்வேட்டுக்காகக் கிரேக்கத்துல 'வீடு திரும்புதல்', 'வலி' ரெண்டையும் ஒட்டவெச்சு இந்தப் பேரை வெச்சார். வீட்டு ஏக்கத்துல படுத்த படுக்கையானவங்களை ஊருக்கு அனுப்பி வைங்கறதுதான் அன்னிக்கு மருந்து. எங்க அமுச்சி இதைக் கிரேக்கம் படிக்காமலே 'ஊட்டு நெனப்பு'ன்னு முடிச்சிடும்.

நம்ம கொங்குல பொறந்த ஒருத்தரும் இதுல மாட்டினவர்தான். கணித மேதை ராமானுஜன். 1887 டிசம்பர் 22ல் ஈரோட்டுல பொறந்தவர், வளர்ந்தது கும்பகோணம். 1914 மார்ச்ல குடுமியை எடுத்துட்டு, கோட்டு மாட்டிட்டு, மெட்ராஸ்ல கப்பலேறி கேம்பிரிட்ஜ் போனார். போன சில மாசத்துல முதல் உலகப்போர். சைவச் சாப்பாடு கிடைக்காம தன் ரூம்லயே தானே சமைச்சுச் சாப்பிட்டார். அப்போ அங்கே படிச்சவர் மகலனோபிஸ், பின்னால இந்தியப் புள்ளியியல் கழகத்தை ஆரம்பிச்சவர். அவர் ஒரு நாள், "ராத்திரி குளிர் எப்படி இருக்கு?"ன்னு ராமானுஜனைக் கேட்டிருக்கார். "ஓவர்கோட்டைப் போட்டுட்டு, சால்வையைப் போர்த்திட்டுத்தான் படுக்கறேன், அப்பவும் குளிருது"ன்னாராம். ரூமுக்குப் போய்ப் பார்த்தா, கட்டில்ல கம்பளி அடுக்கடுக்கா இருக்கு! அங்கே வழக்கம், கம்பளியை மெத்தைக்கடியில இறுக்கிச் செருகி மேல ஒரு விரிப்பைப் போட்டு வெச்சிருப்பாங்க. அதை விலக்கி உள்ளே நுழைஞ்சு படுக்கணும்னு அவருக்கு யாரும் சொல்லித் தரலை. விரிப்பு மேலேயே படுத்து நடுங்கிட்டு இருந்திருக்கார். மகலனோபிஸ் கம்பளியை விலக்கிக் காட்டினார்.

கரையில உட்கார்ந்து இந்தக் கதையை அவனுக்குச் சொன்னேன். சிரிப்பான்னு பார்த்தா, ரொம்ப நேரம் பேசலை. அப்புறம், "எனக்குப் பொங்கல் லீவு"ன்னான்.

"புரியலை."

"முதல் வருஷம் பொங்கலுக்கு ஹாஸ்டல் காலியாயிடுச்சு. மெஸ் பூட்டிட்டாங்க. கேட்டா, 'நோட்டீஸ் போட்டோமே'ன்னாங்க. நோட்டீஸ் தமிழ்ல இருந்துச்சு. அஞ்சு நாள். பிஸ்கட், வாழைப்பழம். நாலாவது நாள் எங்கேயாவது மனுஷங்களைப் பார்க்கணும்போல இருந்துச்சு. வந்த பஸ்ல ஏறினேன். கடைசி ஸ்டாப் உக்கடம்."

அந்தப் பொங்கலுக்கு நான் எங்கே இருந்தேன்? வீட்டுல. காலேஜ்ல இருந்து பைக்ல அரை மணி நேரம். 'எல்லாரும் ஊருக்குப் போறாங்களே, இவன் எங்கே போவான்'ங்கற ஒரு கேள்வி எங்க கிளாஸ்ல அறுபது பேர்ல ஒருத்தனுக்கும் வரலை. நாங்க கெட்டவங்க இல்லை. ஓணத்துக்குச் சேட்டன்களோட பூக்கோலம் போடறவங்கதான். தோணலை, அவ்வளவுதான்.

ஆறரை மணி. அங்கே மூணு மணி. போனை எடுத்து வீடியோ கால் போட்டான். போர்ட் சூடான்ல அவங்கம்மா. முதல்ல முகத்தைக் காட்டலை, கேமராவைத் திருப்பிக் குளத்தைக் காட்டினான். தினமும் அப்படித்தானாம். அழற மாதிரி இருக்கற நாள்ல முகத்தைக் காட்டாமத் தப்பிக்க ஆரம்பிச்ச பழக்கம். இப்போ அவங்கம்மாவுக்குத் தண்ணியைப் பார்த்தாத்தான் பேச்சே வருது. கூழைக்கடா ஒண்ணு தண்ணியை உரசிட்டுப் பறந்துச்சு, அந்தப் பக்கமிருந்து ஒரு சத்தம். என்ன சொன்னாங்கன்னு கேட்டேன். "போன வாரம் மூணு இருந்துச்சே, மத்த ரெண்டு எங்கே?"

அடுத்தது கோட்டைமேடு. ஒரு காலத்துல இங்கே நிஜமாவே கோட்டை இருந்துச்சு, இப்போ பேரு மட்டும் மிச்சம். சைக்கிள்ல சுக்கு காபி கேன் வெச்ச அண்ணன்கிட்ட நின்னோம். "ரெண்டுங்ணா"ன்னான். ஆமாம், அந்த 'ங்ணா'வைச் சரியா உச்சரிக்கறான்! சென்னைப் பசங்களுக்கே வராதுங்க அது. சூடான்ல 'ஜபனா'ன்னு ஒரு காபி. மண் குடுவையில, இஞ்சி தட்டிப் போட்டு. தெருவோரம் சின்ன ஸ்டூல் போட்டு உட்கார்ந்து குடிப்பாங்க. "இது அது இல்லை"ன்னு எடுத்த எடுப்புல சொல்லிட்டான். "இங்கே கருப்பட்டி, மல்லி எல்லாம் சேருது. ஆனா தொண்டையில இறங்கற அந்த எரிச்சல் அதேதான். முதல் நாள் அதுக்காகத்தான் ரெண்டாவது டம்ளர் கேட்டேன். மூணாவது நாள் இவரு நான் கேக்காமலே ஊத்தினாரு."

பொங்கலப்போ அவன் பஸ்ல வந்து இறங்கினது இந்த அண்ணன்கிட்டதான். பள்ளிவாசல்ல தொழுதுட்டு, என்ன செய்யறதுன்னு தெரியாம நின்னவன்கிட்ட அண்ணன் கேட்டது, "சாப்டாச்சா?". கோயமுத்தூர்ல எல்லாருக்கும் ஏன் சாப்பாட்டு நினைப்பாவே இருக்குன்னு இவனுக்கு அதுவரைக்கும் ஆச்சரியம். சூடான்ல ஒருத்தரைப் பார்த்தா உடம்பு, அம்மா, அப்பா, மாடு கன்னு வரைக்கும் வரிசையா நலம் விசாரிச்சு முடிக்கவே ரெண்டு நிமிஷமாகும். அந்த ரெண்டு நிமிஷத்தை நாம ஒரே வார்த்தையில முடிச்சிடறோம்னு அப்புறமாத்தான் புரிஞ்சுதாம். 'சாப்டாச்சா'ன்னா சாப்டாச்சான்னு அர்த்தமில்லை!

கோவைக்கு இந்த நிலைமை புதுசில்லை. 2021 ஆகஸ்ட் 15ல் காபூல் தாலிபான் கைக்குப் போனபோது, இங்கே வேளாண் பல்கலைக்கழகத்துல ஆப்கன் மாணவர்கள் படிச்சிட்டு இருந்தாங்க. வெளியில இருந்த ஆப்கானியர்களோட பழைய விசா எதுவும் செல்லாதுன்னு அதே மாசம் 25ம் தேதி இந்தியா அறிவிச்சுது. கொரோனாவுக்காக ஊருக்குப் போன மாணவர்கள் அங்கேயே மாட்டினாங்க. இங்கே இருந்தவங்க, குடும்பம் அங்கே என்ன ஆச்சோன்னு இங்கே உட்கார்ந்துக்கிட்டு செமஸ்டர் எழுதினாங்க. இந்தியாவுல 2021-22 கணக்குப்படி 46,878 வெளிநாட்டு மாணவர்கள். இங்கே இருந்து போய் வெளிநாட்டுல படிச்சிட்டு இருந்தவங்க 2024ல் 13 லட்சத்துக்கும் மேல. அதுல அடுத்த வருஷம் ஒண்ணு கூடலாம். அந்த ஒண்ணு நான்.

ஜெர்மனியில எம்.எஸ். பண்ணணும்னு எனக்கு ஆசை. அப்பா ஓகே. அம்மா மட்டும் அந்தப் பேச்சை எடுத்தாலே குக்கர் விசிலைச் சத்தமா வெச்சிடும். அன்னைக்கு ராத்திரி மீன் வாசத்தோட வீட்டுக்குப் போய் எல்லாத்தையும் சொன்னேன். பொங்கல் லீவுக்கு வந்ததும் அம்மா கையில இருந்த கரண்டியைக் கீழே வெச்சிருச்சு.

"ஏஞ்சாமி, அஞ்சு நாளு பிஸ்கோத்தா? நீ இங்க ஊட்ல உக்காந்து கரும்பு தின்னுட்டிருந்தியா?"

நான் பதில் சொல்லலை. என்ன சொல்றது?

"அவங்க ஊர்ல என்னதான் திங்கறாங்க?"

"சோளம்மா. சோள மாவைப் புளிக்கவெச்சுக் காகிதம் மாதிரி மெலிசா ஒண்ணு சுடுவாங்களாம். கிஸ்ரான்னு பேரு. அது மட்டும் அவனுக்குச் செய்ய வரலை. ரெண்டரை வருஷமாச்சாம் சாப்ட்டு."

"சோளமா?" அம்மா முகத்துல ஒரு வெளிச்சம். கொங்கு நாட்டுல சோளச்சோறு தின்னு வளர்ந்த தலைமுறையோட கடைசி ஆளுங்கள்ல எங்க அமுச்சியும் ஒண்ணு. இப்போ காட்டுல சோளம் போடறதே மாட்டுக்குத் தட்டு வேணும்னுதான். ஆனா கிணத்துக்கடவுல அமுச்சி வீட்டுல எப்பவும் ரெண்டு படி இருக்கும்.

அடுத்த ஞாயித்துக்கிழமை அவன் எங்க வீட்டுக்கு வந்தான். கை நிறைய ஜிலேபி மீன் (அம்மா அதைத் தலையோட பார்த்து ஒரு நிமிஷம் மிரண்டுச்சு). அடுப்பு மேடை மேல போனை டப்பாவுல சாய்ச்சு வெச்சு, போர்ட் சூடானுக்கு வீடியோ கால். அங்கே அவங்கம்மா அரபியில சொல்ல, அவன் இங்கிலீஷ்ல சொல்ல, நான் தமிழ்ல சொல்ல, எங்கம்மா "அதெப்படீங், ஊத்தி இழுத்தா கிழிஞ்சு போகுமுங்களே"ன்னு நேரா போனைப் பார்த்துக் கேக்க... அவங்கம்மாவும் என்ன புரிஞ்சுதோ, கையை அகலமா வீசி இழுத்துக் காட்டினாங்க. அவங்க ஊர்ல ஈச்ச ஓலைத் துண்டால மாவை இழுப்பாங்களாம். எங்க வீட்டுல ஒரு தென்னை ஓலையை நறுக்கிக் குடுத்தேன். முதல் மூணும் கிழிஞ்சுது. நாலாவது தோசையாச்சு. ஏழாவது கொஞ்சம் மெலிசா, ஓரம் சுருண்டு வந்துச்சு.

அவன் ஒரு துண்டு பிச்சு, மூக்குக்கிட்ட வெச்சுப் பார்த்துட்டு வாயில போட்டான். நாங்க ரெண்டு பேரும், போன்ல அவங்கம்மாவும், அவன் வாயையே பார்த்துட்டு இருந்தோம்.

"கிஸ்ரா இல்லைம்மா"ன்னான்.

அம்மா முகம் விழுந்துடுச்சு. அவன் ரெண்டாவது துண்டைப் பிச்சான். மூணாவது. அப்புறம் ஏழாவது, எட்டாவது, ஒன்பதாவதுன்னு மொத்தமும் காலி. கிழிஞ்ச மூணையும் கூட விடலை. கண்ணைத் துடைக்கவும் இல்லை, மறைக்கவும் இல்லை. போன்ல அவங்கம்மா ஏதோ சொன்னாங்க. அவன் மொழிபெயர்க்கலை.

"மாவு இன்னும் ஒரு நாளு புளிக்கோணுமாட்ட இருக்குது"ன்னுச்சு அம்மா, ஓலையைக் கழுவிட்டே. "அடுத்த வாரமும் வரச் சொல்லு."

சனிக்கிழமை ராத்திரி பதினோரு மணிக்கு எனக்கு ஒரு மெசேஜ். "மச்சி, மாவு புளிச்சுதா?"